அக்கா கல்லூரிக்கு மனுப் போட்ட வருஷம்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவருடைய பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். அவரிடம் கணக்குப் படித்த மாணவிகளும் எழுதியிருக்கிறார்கள். "நீங்களும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சித்தி" என்று அக்காவின் மூத்த மகன் கேட்டபோது நான் ஒன்று சொன்னேன். ஆசிரியையாக அக்காவை அறிந்தவர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் அவரை அறிந்தவர்களில் இன்று மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். ஆகவே அந்தக் காலத்தைத்தான் எழுதுவேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது 1948-இல், ஆவுடையார்கோவிலிலிருந்து மீமிசல் போகும் சாலையில், கண்மாயை ஒட்டியிருக்கும் எங்கள் சிற்றூரில். இன்று அது புதுக்கோட்டை மாவட்டம். அன்றைக்கு எங்கள் பக்கம் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. எந்தக் காகிதம் வேண்டுமென்றாலும் அறந்தாங்கி தாலுகா ஆபீசுக்குத்தான் போக வேண்டும். தந்தையாரை நாங்கள் அய்யா என்போம், தாயாரை ஆத்தா என்போம். அக்கா தலைச்சன் பிள்ளை. இரண்டு வருஷம் கழித்து நான் பிறந்தேன். எங்களுக்குப் பிறகு வீட்டில் தொட்டில் கட்டவில்லை.

சிறு வயதிலிருந்தே அக்காவுக்கு இரண்டு விஷயங்கள் அதிகம். ஒன்று சிரிப்பு, இன்னொன்று கணக்கு. ஒன்பது வயதில் கண்மாய் மடைக்கல்லில் கரித்துண்டால் கோடு போட்டு, தண்ணீர் ஒரு வாரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, பயிர் முற்றுவதற்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே கண்மாய் வற்றிவிடும் என்று அய்யாவிடம் சொன்னார். அய்யா சிரித்தார். கண்மாய் பதினோரு நாள் முன்னால் வற்றியது. ஒரு நாள் தவறிப்போனதற்கு அக்கா இரண்டு நாள் வருத்தப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது.

பள்ளிக்கூடம் ஆவுடையார்கோவிலில். போக நான்கு மைல், வர நான்கு மைல். அக்காவின் வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். பத்தாம் வகுப்பில் ஒருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் இன்னொருவருக்கும் ஆகிவிட்டது. கடைசியில் பெண்கள் பெஞ்சில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். பெஞ்சு முழுவதும் தனக்கே என்று புத்தகத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு படித்ததாகச் சொல்வார்.

அய்யாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. அய்யாவுக்கு இரண்டரை ஏக்கர் நிலம், எல்லாம் கண்மாய்ப் பாசனம். மழை பெய்தால் சோறு. ஆனால் அவர் வாயில் இல்லை என்ற சொல் வராது. வாசலுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போனதில்லை. விளைச்சல் எப்படி என்று உறவினர்கள் கேட்டால், பத்து மூட்டை கண்ட வருஷத்தில் இருபத்தைந்து என்பார். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. கேட்டவருக்கு நல்ல பதிலாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருடைய வழக்கம். வெள்ளை வேட்டி, தோளில் மடித்த துண்டு, மேலுக்கு அந்தப் பேச்சு. இந்த மூன்றையும் வைத்தே அவர் அந்த வட்டாரத்தில் ஒரு பெரிய விவசாயி என்று பேர் வாங்கியிருந்தார்.

1965-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்தது. அந்தக் காலத்தில் பத்திரிகையில் எண்ணாகத்தான் வரும். அது மத்தியான பஸ்ஸில் ஆவுடையார்கோவிலுக்கு வந்து சேரும். அக்காவின் கணக்கு வாத்தியார் பத்திரிகையை மடித்துச் சைக்கிளில் சொருகிக்கொண்டு எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். சில நாள் கழித்து மதிப்பெண் வந்தபோது பள்ளிக்கூடத்தில் அக்காதான் முதல். அய்யா ஊர் முழுக்கக் கற்கண்டு கொடுத்தார். கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஆத்தா கேட்டார், இனி என்ன செய்வது என்று. திருச்சியில் பெண்கள் கல்லூரி இருக்கிறது, ஹாஸ்டல் இருக்கிறது, கணக்கில் பட்டம் வாங்கலாம் என்றார், அன்றும் வந்திருந்த வாத்தியார். அய்யா யோசிக்கவே இல்லை. கண்மாய்க்கரை வயலை விற்றுவிடலாம் என்றார்.

அக்கா அப்போது குனிந்து வாத்தியாருக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "வயலை வித்துட்டு அப்புறம் நீங்களும் ஆத்தாளும் எதைச் சாப்பிடுவீங்க? என் சர்டிபிகேட்டையா?" என்று கேட்டார்.

வாத்தியார் சிரித்துவிட்டு, வயலை விற்க வேண்டியதில்லை என்றார். நல்ல மதிப்பெண் வாங்கிய, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு டெல்லி சர்க்கார் படிப்புக்குக் கடன் கொடுக்கிறது. வட்டி கிடையாது. படித்து வேலைக்குப் போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். ஆசிரியர் வேலைக்குப் போனால் வேலை பார்க்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் அக்கா. பத்து வருஷம் பாடம் நடத்தினால் கடனே இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் வாத்தியார். அக்காவின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுவாரம் மனு வந்தது. எல்லாம் இங்கிலீஷ். பக்கம் பக்கமாக இருந்தது. அக்காவும் நானும் ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு, முதலில் காலண்டர் தாளின் பின்புறம் பென்சிலால் எழுதிப் பார்த்தோம். பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், மதம் எல்லாம் சுலபமாக முடிந்தன. தந்தையின் வருமானம் என்ற கட்டத்தில் நின்றோம். அதற்குச் சான்று வேண்டும். நிலக் கணக்கு எழுதும் ஊர்க் கர்ணம் விவரம் எழுதிக் கொடுத்தால், தாசில்தார் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அய்யா அன்றைக்கே கர்ணத்தைப் பார்க்கக் கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் முகத்தில் அவ்வளவு நிறைவு. காகிதத்தை அக்காவிடம் நீட்டினார். "கர்ணம் எழுதிட்டாரு. ஒரு கேள்வி கேக்கலை" என்றார்.

அக்கா வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அய்யா வழக்கம்போல, ஊரில் சொல்வதையே கர்ணத்திடமும் சொல்லியிருக்கிறார். அந்தக் காகிதத்தின்படி நாங்கள் அந்த வட்டாரத்திலேயே வசதியான குடும்பம். மனுவில் போட்டிருந்த வரம்புக்கு இரண்டு மடங்கு மேலே போயிருந்தது அய்யாவின் வருமானம். அந்தக் காகிதத்தை இணைத்து அனுப்பினால் மனுவைத் தூக்கிக் குப்பையில் போடுவார்கள்.

"அய்யா, இவ்வளவு விளையிற வயல் எங்கிட்டு இருக்கு? எனக்கும் காட்டுங்க, போய்ப் பார்த்துட்டு வாரேன்" என்றார் அக்கா.

அய்யாவுக்குக் கோபம் வந்தது. பிள்ளைகளைக் கடிந்து பேசாத மனிதர் அன்று குரலை உயர்த்தினார். "ஊருக்குள்ள நான் இல்லாதவன்னு எழுதிக் குடுக்கச் சொல்றியா?"

"இல்லாதவர்னு எழுதச் சொல்லலை அய்யா. உள்ளதை எழுதச் சொல்றேன்."

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. அக்காவும் வற்புறுத்தவில்லை. சிரித்தவர்தான் பிறகு கொல்லையில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே அழுதார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. மனு போய்ச் சேரக் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

மூன்றாம் நாள் காலை அய்யா சாப்பிட உட்கார்ந்தபோது ஆத்தா கஞ்சியை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சதைத் தாசில்தாருக்கு மட்டும் ஒளிக்கிறீங்க. அவரு என்ன நம்ம வீட்டுக்குச் சம்பந்தம் பேசவா வாராரு?"

அய்யா கையை நிறுத்தினார். ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது என்று நினைக்கிறேன். பிறகு கஞ்சியைக் குடித்து முடித்து, வெளுத்த வேட்டி ஒன்றைக் கேட்டார். அய்யா, அக்கா, துணைக்கு நான் என்று மூவரும் அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினோம்.

தாசில்தார் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். அய்யா கர்ணம் எழுதிய காகிதத்தை அவர் மேஜையில் வைத்து, இதில் கூட்டி எழுதியிருக்கிறது, குறைக்க வேண்டும் என்றார். யார் கூட்டியது என்று கேட்டார் தாசில்தார். நான்தான் என்றார் அய்யா. தாசில்தார் காகிதத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். கடனுக்காக இப்போது குறைத்துச் சொல்கிறாரோ என்று அவருக்குச் சந்தேகம். அது நியாயமான சந்தேகந்தான். அன்று சொன்னது உண்மையா, இன்று சொல்வது உண்மையா, எதை நான் நம்புவது என்றார்.

அய்யா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சாமி, போன வருஷம் வெதநெல்லு இல்லாம என் மாமனார் வீட்டுக்குப் போயி வாங்கியாந்தேன். இதுக்கு மேல உண்மை எங்கிட்ட இல்லை" என்றார்.

அந்தச் செய்தி அக்காவுக்கும் எனக்கும் அன்றுதான் தெரியும். விதைநெல் எங்கள் குதிரிலிருந்து எடுத்தது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அக்கா அய்யாவைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் மெதுவாக ஒரு அடி நகர்ந்து அய்யாவை ஒட்டி நின்றுகொண்டார்.

தாசில்தார் எங்கள் ஊர் நிலப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். எத்தனை ஏக்கர், என்ன தீர்வை, எந்த வருஷம் மணி பிடிக்காமல் பயிர் சாவியாயிற்று என்று பார்த்தார். பார்த்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "குறைச்சுச் சொல்றவங்களைத்தான் இத்தனை வருஷமாப் பார்த்திருக்கேன். கூட்டிச் சொல்லிட்டு வந்து ஒத்துக்கிறவரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லி, புதுச் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அய்யா கும்பிட்டார். எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தபோது, தாசில்தார் மனுவைத் திருப்பிப் பார்த்து ஒரு இடத்தில் விரலை வைத்தார். ஜாமீன் கட்டம் காலியாக இருந்தது. பெற்றவரைத் தவிர, தன் பேரில் சொத்துள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கடனைக் கட்டாவிட்டால் நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த நான்கு நாளும் அய்யா உறவினர் வீடுகளுக்கு நடந்தார். தன் வாயால் தனக்கு உதவி வேண்டும் என்று கேட்பது அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பது எனக்கு இப்போது புரிகிறது. ஆனால் கேட்டும் பயனில்லை. அவர் இத்தனை வருஷமாகச் சொல்லி வைத்திருந்த விளைச்சலை எல்லாரும் நம்பாவிட்டாலும் நம்பியது போலவே பேசினார்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர், உங்களுக்கு எதற்கு அண்ணே கடன், நீங்கள்தான் எனக்கு ஜாமீன் போட வேண்டும் என்று சொல்லிச் சிரித்து, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாராம். இன்னொருவர் பெண் பிள்ளையின் படிப்புக்கு நிலத்தை எழுதி வைக்கச் சொல்வது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டாராம். அய்யா வந்து இதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். தாலுகா ஆபீசுக்குப் போய் வந்ததிலிருந்து அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கையில் காளியம்மாள் வந்தார்.

காளியம்மாள் மீமிசலில் மீன் ஏலம் எடுத்து, வாரத்தில் மூன்று நாள் முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து, எங்கள் பக்கத்து ஊர்களில் விற்பவர். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. விற்று முடித்து வெயிலில் திரும்பும்போது எங்கள் வீட்டில் நீராகாரம் குடித்து, வேப்பமரத்தடியில் சற்றுக் காலை நீட்டிவிட்டுப் போவார். அன்று ஆத்தாவின் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். ஆத்தா சொன்னார். காளியம்மாள் சொம்பைக் கீழே வைத்தார்.

"எம்பேர்ல பட்டா இருக்கே" என்றார். "கடக்கரைப் பக்கம் தென்னந்தோப்பு. அவுக போகும்போது எம்பேர்ல எழுதிவச்சுட்டுப் போனாக. அது போதுமான்னு கேளு தாயி."

அக்கா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இது சும்மா கையெழுத்து இல்லை, தான் கடனைக் கட்டாவிட்டால் தோப்புக்கு ஆபத்து என்று விளக்கினார். காளியம்மாள் நன்றாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ கட்டுவியா மாட்டியா?" என்று கேட்டார். கட்டுவேன் என்றார் அக்கா. "அப்ப நாளைக்கு வாரேன்" என்று கூடையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காளியம்மாளைப் பஸ் கண்டக்டருக்கே அடையாளம் தெரியவில்லை. கூடை இல்லை. சலவைப் புடவை கட்டி, பட்டாவைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். எங்கள் ஊர் நிறுத்தத்தில் நாங்கள் ஏறியதும் அக்காவைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார்.

தாலுகா ஆபீசில் காகிதத்தை வாங்கிய குமாஸ்தா கையெழுத்து வருமா என்று கேட்டார். கைநாட்டுத்தான் என்றார் காளியம்மாள். படிப்புக் கடனுக்குப் படிக்காதவர்களா ஜாமீன் என்று குமாஸ்தா சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தோன்றவில்லை, ஆனாலும் அக்காவின் முகம் வாடிவிட்டது. காளியம்மாள் அசரவில்லை.

"படிச்சவுக யாரும் வரலையே சாமி" என்றார்.

குமாஸ்தா எங்களை உள்ளே அழைத்துப் போனார். தாசில்தார் பட்டாவைப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். ஆனால் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைப்பதானால், எழுதியிருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகுதான் வைக்க வேண்டும் என்றார். குமாஸ்தா காகிதத்தை எடுக்கப் போனார். காளியம்மாள் தடுத்து, "எம்புள்ளை வாசிக்கட்டும்" என்று அக்காவைக் காட்டினார்.

அக்கா வாசித்தார். இங்கிலீஷில் ஒரு வரி, பிறகு அதைத் தமிழில், பிறகு அது என்னவென்று எங்கள் பேச்சில். காளியம்மாள் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினார். வேறு வேலையாக வந்திருந்தவர்களும் வாசலில் நின்று கேட்டார்கள். ஒரு வரியில் அக்கா நின்றுவிட்டார்.

"ஏன் நிப்பாட்டிட்ட? வாசி."

கடன் வாங்கிய மாணவி இறந்துபோனால் என்று அந்த வரி தொடங்கியது. அக்கா தயங்கித் தயங்கி அதைச் சொன்னார்.

"அதெல்லாம் ஒனக்கு நெடுநாள் கழிச்சு. மேல வாசி" என்றார் காளியம்மாள்.

தாசில்தார் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். வாசித்து முடித்ததும் காளியம்மாள் இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினார். மீன் அறுத்துக் காய்ப்பேறிய விரல். ரேகை சரியாக விழவில்லை என்று மறுபடி வைக்கச் சொன்னார்கள். இரண்டாம் தடவை அக்கா அந்த விரலைப் பிடித்து மெதுவாக உருட்டி வைத்தார். நன்றாக விழுந்தது. அங்கிருந்து நால்வரும் நேராகத் தபாலாபீசுக்குப் போய் ரிஜிஸ்தர் தபாலில் மனுவை அனுப்பினோம். அய்யா அன்று கிளப் கடையில் எல்லாருக்கும் பூரிக் கிழங்கு வாங்கிக் கொடுத்தார். காளியம்மாள் கிழங்கில் உப்புப் போதாது என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது செட்டும் சாப்பிட்டார்.

அக்கா ஜூலை மாதம் திருச்சிக்குப் போனார். கடன் வர நாளாகும் என்றும், வரும்வரை ஹாஸ்டலில் பொறுத்துக்கொள்வதாகவும் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். ஆத்தா இரண்டு ஆட்டை விற்றுத் தகரப் பெட்டியும் மூன்று புடவையும் வாங்கினார். தீபாவளியும் போயிற்று, பணம் வரவில்லை. அக்கா எழுதும் கார்டுகளில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், கூடப் படிக்கும் பெண்களைப் பற்றியும், மலைக்கோட்டையில் எத்தனை படி என்று தான் எண்ணியதும் வழிகாட்டி சொன்னதும் ஒத்துப்போகவில்லை என்பதைப் பற்றியுந்தான் எழுதுவார். மார்கழியில் ஒரு கார்டு வந்தது. நான் வாசித்தேன். கடன் சாங்ஷன் ஆகிவிட்டது, முதல் தவணை கல்லூரிக்கு வந்துவிட்டது, அய்யாவும் ஆத்தாவும் இனிக் கவலைப்பட வேண்டாம் என்று இருந்தது. அந்தக் கார்டைத்தான் அய்யா ஆறு மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அய்யாவின் பேச்சு திருந்தியதா என்று கேட்பீர்கள். விளைச்சலைக் கூட்டிச் சொல்வதை அவர் விட்டுவிட்டார். அதற்குப் பதிலாகக் கடனைப் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்தார். "எம்மகளை நம்பி டெல்லி சர்க்கார் கடன் குடுத்திருக்கு. ஒங்க மகனை நம்பி உள்ளூர்ல யாராச்சும் குடுப்பாங்களா?" என்று, ஜாமீன் போட மறுத்த அதே சித்தப்பாவிடம் அவர் கேட்டதை நான் கூட இருந்து கேட்டேன். அந்தச் சித்தப்பாவே அடுத்த வருஷம் தன் மகனுக்கு அந்த மனு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். எழுதிக் கொடுத்தது விடுமுறைக்கு வந்திருந்த அக்காதான்.

அந்த முதல் வருஷப் பொங்கல் கழிந்து அய்யாவும் நானும் அக்காவைப் பார்க்கத் திருச்சிக்குப் போனோம். பனைவெல்லமும் வறுத்த கடலையும் ஆத்தா கட்டிக் கொடுத்தார். காளியம்மாள் ஒரு பொட்டலம் கொடுத்து, இதைப் பிள்ளையிடம் மட்டும் கொடுங்கள் என்றார். நெய்மீன் கருவாடு. பஸ்ஸிலேயே சனங்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஸ்டல் வாசலில் வார்டனம்மாள் மூக்கைச் சுளித்து, என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அய்யா எப்படிச் சொல்வது என்று திகைத்தபோது அக்கா முன்னால் வந்து, "இது எங்க ஜாமீன்தாரர் குடுத்துவிட்டது மேடம்" என்றார். வார்டனம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா முழுக்கதையையும் அங்கேயே சொன்னார். கேட்டு முடித்த அவர், அன்று மாலை ஹாஸ்டல் சமையற்கட்டில் அதை வறுக்க அனுமதித்தார். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் வாசனை பிடித்தே வந்து சேர்ந்தார்களாம். கல்லூரியில் தனக்குக் கிடைத்த நல்ல சிநேகிதிகள் எல்லாரும் அந்தக் கருவாட்டில் வந்தவர்கள் என்று அக்கா கடைசிவரை சொல்வார். அவர்களில் இருவர் இந்த மலருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள்.

விடுமுறைக்கு அக்கா ஊருக்கு வந்தால் காளியம்மாள் கூடையை இறக்கியதும் முதலில் கேட்பது பரீட்சை என்னாயிற்று என்பதுதான். ஒரு தடவை பௌதிகத்தில் மதிப்பெண் குறைந்துவிட்டது. அய்யா ஒன்றும் சொல்லவில்லை. காளியம்மாள் விடவில்லை. "என்ன ஆச்சு அதுல? ஜாமீன் போட்டவ கேக்குறேன்ல" என்றார். அக்கா உட்கார்ந்து, எந்தக் கேள்வியில் எப்படித் தவறு வந்தது என்று அவருக்கு விவரமாகச் சொன்னார். அடுத்த தடவை பௌதிகத்திலும் முதல் வகுப்பு.

அக்கா பட்டம் வாங்கி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தார். அவர் போட்ட வழியில் நானும் அதே கடனுக்கு மனுப் போட்டுப் படித்தேன். எனக்கும் ஜாமீன் காளியம்மாள்தான். அத்தானைக் கைப்பிடித்தது, மூன்று பிள்ளைகளை ஆளாக்கியது, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றது எல்லாவற்றையும் பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆசிரியையாகப் பத்து வருஷம் நிறைந்து, கடன் முழுவதும் தள்ளுபடி ஆகிவிட்டது என்று கடிதம் வந்தபோது, அக்கா அதை எடுத்துக்கொண்டு நேரே மீமிசலுக்குப் போய்க் காளியம்மாளிடம் வாசித்துக் காட்டினார். அன்று போல வரிவரியாக வாசித்தாராம். கேட்டு முடித்த காளியம்மாள், "அப்ப இனிமே ஒன்னைக் கேள்வி கேக்க எனக்குப் பாத்தியதை இல்லையா?" என்று கேட்டாராம். கேட்டுக்கொண்டே இருங்கள் என்று அக்கா சொன்னாராம். காளியம்மாள் இருந்தவரை கேட்டுக்கொண்டும் இருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் அக்காவின் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருக்கும். உதவித்தொகை மனு, ஹாஸ்டல் மனு, பிறகு பாங்குக் கடன் மனு என்று பிள்ளைகளும் பெற்றவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள். யாரையும் அக்கா திருப்பி அனுப்பியதில்லை. வருமானத்தைச் சொல்லக் கூச்சப்படும் தகப்பனார்களை அவர் உள்ளறைக்கு அழைத்துப் போய்த் தனியாகப் பேசுவார். திரும்பி வரும்போது அந்த மனிதர்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள். எங்கள் அய்யாவின் கதையைத்தான் அவர் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசி மூன்று வாரம் அக்கா புதுக்கோட்டையில் மருத்துவமனையில் இருந்தார். வலி இருந்தது, புலம்பல் இல்லை. இரவும் பகலும் கவனித்த மருத்துவர்களுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்து பார்த்த பழைய மாணவிகளுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. மீமிசலிலிருந்து வண்டி பிடித்து வந்து, முதல் வரிசையில் நின்று அழுத காளியம்மாளின் பேரப்பிள்ளைகளை எங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவே எண்ணுகிறோம்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அக்கா இருந்த வார்டில் ஒரு செவிலியர் சகோதரி. தன் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பதாகவும், கல்விக் கடன் மனுவில் பாதி புரியவில்லை என்றும் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். அக்கா தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி, மனுவைக் கொண்டுவரச் சொன்னார். கை நடுங்கியதால் அவர் சொல்லச் சொல்ல அந்தச் சகோதரியே எழுதினார். இரண்டு மத்தியானத்தில் முடித்தார்கள். அதன் பிறகு பத்து நாள் அவர் அக்காவைத் தன் தாயைப் போலப் பார்த்துக்கொண்டார். அக்கா கண்மூடிய அன்று காலை நாங்கள் அவரைத் தேடினோம். அன்று அவர் பணிக்கு வரவில்லை. மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகத் திருச்சிக்குப் போயிருந்தார்.